டியூப் போனதா என்று மட்டும் பார்க்காதீர்கள்: பயிற்சி மருத்துவர்களின் ஏர்வே (மூச்சுப்பாதை) திறனை மதிப்பிட ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஒரு மயக்கவியல் பிஜி (மேற்படிப்பு மாணவர்) இருந்தார். பொம்மையில் டியூப் போடச் சொன்னால் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது, அதாவது இன்டுபேஷன்) 20 விநாடிக்குள் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். செய்முறைத் தேர்வில் 20-க்கு 19. அதே ஆள் ஒரு ராத்திரி எமர்ஜென்சி தியேட்டரில் முதல் தடவை டியூப் போகவில்லை, இரண்டாவது தடவையும் போகவில்லை, மூன்றாவது, நான்காவது என்று ஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை) கீழே வைக்காமல் போராடிக்கொண்டிருந்தார். சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) 70-க்குப் போய்விட்டது. பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸ் ஐ-ஜெல்லை (டியூபுக்குப் பதில் தொண்டையில் வைக்கும் கருவி) பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், இவர் திரும்பியே பார்க்கவில்லை. நோயாளி பிழைத்தார், அது வேறு விஷயம். ஆனால் அந்த 19 மதிப்பெண்ணில் ஒன்றைப் போட்டது நான்.

அவருடைய கையை நாங்கள் அளந்தோம். எப்போது நிறுத்துவார், எப்போது ஆளைக் கூப்பிடுவார் என்பதை அளக்கவே இல்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்தத் தப்பைச் சரிசெய்வது பற்றித்தான். மயக்கவியல், அவசர மருத்துவம், ஐசியூ என எந்தத் துறையில் ஹவுஸ் சர்ஜன்களையும் பிஜிக்களையும் மதிப்பிடும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தாலும் இது உதவும்.

படி 1: யாரை, எதற்காக?

ஒரே மதிப்பெண் தாளை எல்லோருக்கும் நீட்டுவதுதான் முதல் கோளாறு. ஹவுஸ் சர்ஜனுக்கு டியூப் போடத் தெரிய வேண்டும் என்பது என்னைப் பொறுத்தவரை இரண்டாம்பட்சம். மாஸ்க் வைத்து ஆம்பு பையால் மூச்சு கொடுக்கத் தெரிய வேண்டும், நாக்கு பின்னால் சரிந்து அடைக்காமல் தடுக்கும் கியூடெல் ஏர்வேயை அளந்து போடத் தெரிய வேண்டும், ஐ-ஜெல் வைக்கத் தெரிய வேண்டும், கை மீறிப் போகிறது என்று புரிந்ததும் சீனியரைக் கூப்பிட வெட்கப்படக் கூடாது. முதல் வருட பிஜிக்கு இதோடு சாதாரண இன்டுபேஷன். கடைசி வருட பிஜிக்கு எல்லாம் சேர்த்து, டியூப் போகாதபோது அறையை நடத்துவது, கடைசிக் கட்டத்தில் கழுத்தைக் கீறி மூச்சுக்கு வழி திறப்பது.

ஜார்ஜ் மில்லர் 1990-ல் சொன்ன பிரமிடு ஒன்று உண்டு, மருத்துவக் கல்விப் பயிற்சி வகுப்புக்குப் போனவர்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், நிஜத்தில் செய்வார். வைவா (வாய்மொழித் தேர்வு) கீழ் இரண்டு படிகளோடு நின்றுவிடும். பொம்மை மூன்றாவது படி. தியேட்டரில் நிஜ நோயாளியிடம் பார்ப்பதுதான் நான்காவது. நம் ஊர்த் தேர்வுகளில் வைவாவுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக்கூட மூன்றாவது படிக்குக் கொடுப்பதில்லை, நான்காவதை லாக் புக்கில் ஒரு கையெழுத்தோடு முடித்துவிடுகிறோம்.

படி 2: மதிப்பெண் தாள்

இருபது வரி எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக், ஒரு மார்க். பார்க்க நேர்மையாக இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட தாளில் ஒருவர் 18 டிக் வாங்கிக்கொண்டே நோயாளியைக் கொன்றுவிட முடியும். கையுறை போட்டார், தன்னை அறிமுகம் செய்துகொண்டார், ஸ்கோப்பின் பிளேடு அளவு சரி, டேப் ஒட்டினார், எல்லாம் சரி, டியூப் மட்டும் உணவுக்குழாயில். கழித்தால் இரண்டே மார்க்.

அதனால் தாளில் மூன்று பகுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது அந்த டிக் பட்டியல், பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் வேண்டாம். இரண்டாவது, ஒட்டுமொத்தமாக உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று ஐந்து புள்ளி அளவுகோல். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் இருக்கட்டும், 'சுமார்', 'நன்று' என்று மொட்டையாக விடாதீர்கள். உதாரணமாக 2 என்றால் 'படிகள் தெரியும், ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்ல வேண்டியிருந்தது'. 4 என்றால் 'பக்கத்து அறையில் சீனியர் இருந்தால் போதும்'.

மூன்றாவதுதான் முக்கியம்: தப்பினால் அங்கேயே தோல்வி என்கிற வரிகள். நான் நான்கு வைத்திருக்கிறேன். ஆக்சிஜன் இணைப்பைச் சரிபார்க்காமல் தொடங்குவது. டியூப் போட்டபின் கேப்னோகிராஃப் (வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலையைப் பார்க்காமல் 'உள்ளே இருக்கிறது' என்று சொல்வது. சாச்சுரேஷன் விழுந்துகொண்டிருக்கும்போது முயற்சியை நிறுத்தி மூச்சு கொடுக்காமல் இருப்பது. முதல் முயற்சி தோற்றபின்னும் யாரையும் கூப்பிடாமல் இருப்பது. இந்த நான்கில் ஒன்று போனாலும் மீதி எவ்வளவு அழகாகச் செய்தாலும் மறுதேர்வுதான். இதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒளித்து வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. தெரிந்துகொண்டு அதற்காகவே பயிற்சி செய்தால் நமக்கு நல்லதுதானே.

பாஸ் மார்க் எவ்வளவு? 50 சதவீதம் என்பது பழக்கத்தில் வந்தது, அதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. எளிதான வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரையும் பார்த்தபின் 'பாஸ்', 'ஃபெயில்', 'இரண்டுங்கெட்டான்' என்று தனியாகக் குறித்துவிடுங்கள், டிக் பட்டியலைக் கூட்டுவதற்கு முன்பே. அப்புறம் இரண்டுங்கெட்டான்கள் பட்டியலில் வாங்கிய மார்க்குகளின் சராசரியை எடுங்கள். மூன்று பேர் 6, 7, 8 வாங்கியிருந்தால் பாஸ் மார்க் 7. ஆள் குறைவாக இருந்தால் இந்த எண் எக்கச்சக்கமாக ஆடும், அதனால் இரண்டு மூன்று பேட்சுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

படி 3: மேசையைத் தயார் செய்வது (ஒரு கோளாறோடு)

ஆம்பு பை, 3, 4, 5 அளவு மாஸ்க், கியூடெல் ஏர்வேக்கள், ஸ்கோப்புக்கு மேக்கின்டாஷ் 3, 4 பிளேடுகள், 7.0, 7.5, 8.0 டியூப்கள், பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி), ஸ்டைலெட் (டியூபுக்குள் செருகும் கம்பி), 10 மி.லி. சிரிஞ்ச், ஐ-ஜெல் 3, 4, சக்‌ஷன், டேப். பொம்மையின் வாய்க்குள் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்க மறக்காதீர்கள். காய்ந்த பொம்மையில் டியூப் போகாமல் மாணவர் திணறினால் அது அவர் குற்றமில்லை.

இனி ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே கெடுத்து வையுங்கள். ஒரு பிளேடின் பல்பை அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள், அல்லது சக்‌ஷன் குழாயைக் கழற்றி ஜாடிக்குப் பின்னால் செருகுங்கள், அல்லது ஓட்டை கஃப் (டியூப் நுனிக்கு அருகே உப்பும் பலூன்) உள்ள டியூபை மேலே வையுங்கள். தொடங்குவதற்கு முன் சரிபார்ப்பவர் 30 விநாடியில் கண்டுபிடித்துவிடுவார். சரிபார்க்காதவர் பொம்மையின் வாயைத் திறந்தபின் இருட்டைப் பார்த்து விழிப்பார். 'உபகரணங்களைச் சரிபார்ப்பீர்களா?' என்று வைவாவில் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அந்தப் பதிலை வைத்து என்ன செய்வது?

விலை உயர்ந்த சிமுலேட்டர் இல்லை என்பது சாக்கு ஆகாது. மானிட்டர் இல்லாவிட்டால் 98, 95, 92, 88, 80 என்று அட்டைகளில் பெரிதாக எழுதி ஒருவர் ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டட்டும். நாங்கள் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தோம்.

படி 4: பார்ப்பது, கையிலிருந்து தொடங்கி

மாஸ்க் வென்டிலேஷனில் நெஞ்சு உயர்கிறதா என்று எல்லோரும் பார்ப்போம். நான் முதலில் பார்ப்பது இடது கையின் சுண்டுவிரலை. அது தாடை எலும்பின் கோணத்தில் கொக்கி மாதிரி மாட்டியிருக்க வேண்டும். புதியவர்களுக்கு சுண்டுவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் எலும்பை விட்டுத் தாடைக்குக் கீழே உள்ள மெத்துமெத்தான சதையை அமுக்கிக்கொண்டிருக்கும், நாக்கு பின்னால் போய்ப் பாதையையே அடைக்கும். அடுத்து, மாஸ்க்கை முகத்தின் மேல் அழுத்துகிறாரா, முகத்தை மாஸ்க்குக்குள் இழுக்கிறாரா? கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தால் அழுத்துகிறார் என்று அர்த்தம். அப்புறம் பை. பெரியவர்களுக்கான பையை முழுக்கக் கசக்கினால் தேவைக்கு மேல் காற்று போகும், வயிறு உப்பும். ஒரு கையால் மிதமாக, ஆறு விநாடிக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் போதும். பதற்றத்தில் பம்ப் அடிப்பது போல அடிப்பவர்களை எண்ணிப் பாருங்கள், நிமிடத்துக்கு 30, 40 போகும்.

இன்னொன்று. ஒரு கையால் மாஸ்க் நிற்கவில்லை என்றால் (தாடி வைத்தவர், பல் இல்லாத பாட்டி) இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு 'சிஸ்டர், பையை நீங்க அமுக்குங்க' என்று எத்தனை விநாடியில் சொல்கிறார்? இதற்குத் தனி வரி, இரண்டு மார்க். கௌரவம் பார்க்காமல் இரண்டு கைக்கு மாறுகிறவர் பெரும்பாலும் பின்னால் டியூப் போகாதபோதும் சரியாக நடந்துகொள்கிறார், என் அனுபவத்தில்.

லாரிங்கோஸ்கோப்பி. தலையணை வைத்து, காது மட்டமும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். முதலில் முழுமையாக ஆக்சிஜன் ஏற்றுகிறாரா? மூன்று நிமிடம் சாதாரண மூச்சு, அல்லது எட்டு ஆழ்ந்த மூச்சு. தேர்வில் 'மூன்று நிமிடம் கொடுத்துவிட்டேன்' என்று வாயால் சொல்லிவிட்டு நகர விடாதீர்கள், ஒருமுறையாவது மாஸ்க்கை இடைவெளியில்லாமல் பிடித்துக்காட்டச் சொல்லுங்கள்.

ஸ்கோப் உள்ளே போகும்போது மணிக்கட்டைப் பாருங்கள், வாயைப் பார்க்காதீர்கள். மணிக்கட்டு நேராக இருந்து, கைப்பிடியின் திசையிலேயே தூக்கினால் சரி. மணிக்கட்டு மடங்கி ஸ்கோப்பைப் பல்லின் மேல் நெம்புகோலாகப் பயன்படுத்தினால் பொம்மையின் பல் 'டக்' என்று சத்தம் போடும், பல பொம்மைகள் அதற்காகவே அப்படிச் செய்யப்பட்டவை. மூக்கை நோயாளியின் வாய்க்குள் நுழைப்பது போலக் குனிகிறாரா என்பதும் ஒரு அடையாளம். பழகியவர்கள் முதுகை நிமிர்த்தித் தள்ளி நின்று பார்ப்பார்கள். பார்த்ததைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்: கார்மாக்-லெஹேன் கிரேடு (குரல்வளை எவ்வளவு தெரிகிறது என்பதன் அளவு) என்ன, குரல்நாண் தெரிகிறதா. தெரியவில்லை என்றால் வலது கையால் குரல்வளையை வெளியிலிருந்து நகர்த்திப் பார்க்கிறாரா, பூஜி கேட்கிறாரா, அல்லது அதே இடத்தில் அதே மாதிரி இன்னும் பலமாகத் தூக்குகிறாரா? எதையும் மாற்றாமல் செய்யும் இரண்டாவது முயற்சி வீண் முயற்சி, அதற்கு மார்க் இல்லை.

டியூப் போனபின் அலை. நெஞ்சு உயர்ந்தது, ஸ்டெத்தில் சத்தம் கேட்டது, டியூபுக்குள் ஆவி படிந்தது, இவை எல்லாமே உணவுக்குழாயில் இருக்கும்போதும் ஏமாற்றக்கூடியவை. பிரிட்டனில் ஏர்வே சிக்கல்களைப் பற்றி 2011-ல் வந்த நாப்-4 தணிக்கையில், ஐசியூவில் ஏர்வே சிக்கலால் நேர்ந்த மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் கேப்னோகிராஃப் பயன்படுத்தாதது ஒரு காரணமாக இருந்திருக்கிறது. அலை இல்லையென்றால் இடம் தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இதயம் நின்று நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கும்போதுகூட. ஒரே ஒரு அலையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுபவரை நம்பாதீர்கள், ஏழு மூச்சுக்காவது அலை தொடர்ந்து வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறது 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். ஆழம் (பல் மட்டத்தில் பெண்களுக்குச் சுமார் 21, ஆண்களுக்கு 23 செ.மீ.), கஃப் அழுத்தம், கட்டுவது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நேரத்தை அளக்கலாம், ஆனால் ஸ்டாப் வாட்சுக்கு மார்க் போடாதீர்கள். போட்டால் நான் சொன்ன அந்த 20 விநாடி மாணவர்களைத்தான் உருவாக்குவீர்கள்.

படி 5: டியூப் போகாத நிலையம்

கடைசி வருட பிஜிக்கு இந்த ஒரு நிலையத்துக்கு (தேர்வில் மாணவர் ஒரு பணியைச் செய்துகாட்டும் இடம்) மட்டும் 15 நிமிடம் ஒதுக்குங்கள், மற்றதைக் குறைத்தாலும் பரவாயில்லை.

2005-ல் இங்கிலாந்தில் எலெய்ன் புரோமிலி என்ற பெண் சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் போனார். மயக்கம் கொடுத்தபின் மூச்சுப்பாதை கிடைக்கவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள்தான், மாறி மாறி டியூப் போட முயன்றுகொண்டே இருந்தார்கள். செவிலியர்களில் ஒருவர் டிராக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சு கொடுப்பது) செட்டைக் கொண்டுவந்து வைத்தார், இன்னொருவர் ஐசியூவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். மருத்துவர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 13 நாள் கழித்து அவர் இறந்தார். விமானியான அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி, மருத்துவத்தில் மனிதக் காரணிகளைப் பற்றிப் பேச ஒரு குழுவையே தொடங்கினார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கை இருந்தது, அறிவும் இருந்தது. நேரம் ஓடுவதுதான் தெரியவில்லை.

அதனால் இந்த நிலையத்தை இப்படி அமையுங்கள். பொம்மையின் கழுத்தை விறைப்பாக்கி, நாக்கை உப்ப வையுங்கள். டியூப் போகவே கூடாது. ஒருவர் ஸ்டாஃப் நர்ஸாக நடிக்கட்டும், ஒருவர் பொறுமையில்லாத சர்ஜனாக. சாச்சுரேஷன் 90-ஐத் தொடும்போது நர்ஸ் ஒரே ஒரு முறை, தயக்கத்தோடு, 'சார், ஐ-ஜெல் எடுக்கட்டுமா?' என்று கேட்க வேண்டும். சர்ஜன் 'என்ன டாக்டர், ஆச்சா?' என்று பின்னாலிருந்து நச்சரிக்க வேண்டும். இப்போது மாணவரின் வாயைக் கவனியுங்கள். 'இருங்க சிஸ்டர், வந்துடும்' என்றால் அந்த வாக்கியத்தை அப்படியே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவரிடம் படித்துக் காட்ட.

என்ன எதிர்பார்க்க வேண்டும்? அகில இந்தியக் கடின மூச்சுப்பாதைச் சங்கம், அதாவது எய்டா, 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் நமக்கு வசதியானது. லாரிங்கோஸ்கோப் அதிகபட்சம் மூன்று முயற்சி, முயற்சிக்கு நடுவில் மாஸ்க்கால் மூச்சு, மூக்கு வழியே நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். போகவில்லையென்றால் ஐ-ஜெல் போன்ற கருவி, இரண்டு முயற்சி. அதுவும் இல்லையென்றால் கடைசியாக ஒருமுறை மாஸ்க். அதுவும் தோற்றால் கழுத்து. பிரிட்டனின் கடின மூச்சுப்பாதைச் சங்கமான டாஸின் 2015 வழிகாட்டுதலில் எண்ணிக்கை கொஞ்சம் மாறும் (மூன்று முயற்சி, அதோடு அனுபவசாலி ஒருவர் இன்னொன்று). உங்கள் துறை எதைப் பின்பற்றுகிறதோ அதில் நிலையாக இருங்கள், மதிப்பிட வந்த இரண்டு பேர் இரண்டு எண்ணை எதிர்பார்த்தால் மாணவர்தான் பாவம்.

சத்தமாக அறிவிக்கிறாரா என்பதற்குத் தனி மார்க். 'டியூப் போகல, மாஸ்க்கும் ஏறல, கழுத்துல போறோம்' என்று அறைக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். மனசுக்குள் முடிவெடுத்தவருக்கு யாரும் உதவ முடியாது.

படி 6: கழுத்துக்கு ஆட்டுக்கறிக் கடை

கழுத்து வழிக்கு விலை உயர்ந்த மாடல் வேண்டியதில்லை. ஆட்டுக்கறிக் கடையில் முந்தின நாளே சொல்லிவைத்தால் மூச்சுக்குழாயை எடுத்துவைத்துக் கொடுப்பார்கள். வழக்கமான வெட்டு விழும் இடத்தால் குரல்வளை தலையோடு போய்விடும், அதனால் எது வேண்டும் என்பதைக் கையால் தொட்டுக் காட்டுவது நல்லது. குழாய் மட்டும் கிடைத்தாலும் போதும். மரப்பலகையில் ஆணி அடித்து நிறுத்தி, மேலே ஸ்பாஞ்ச், அதற்கு மேல் அகலமான பிளாஸ்டர் ஒட்டினால் தோல் தயார். ரத்தம் போல இருக்க, சிவப்புச் சாயத் தண்ணீரை ஸ்பாஞ்சில் ஊற்றிவிடுங்கள், நிஜத்தில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பதை அது புரியவைக்கும்.

10-ஆம் எண் பிளேடு, பூஜி, 6.0 கஃப் டியூப். மூன்றே பொருள். கிரைக்கோதைராய்டு சவ்வை (குரல்வளையின் முன்பக்கம் உள்ள மெல்லிய சவ்வு) தொட்டுக் கண்டுபிடித்துக் குறுக்காக ஒரே குத்து, கூர்ப்பக்கம் காலை நோக்கி வரும்படி பிளேடைத் திருப்புவது, அதன் ஓரமாகவே பூஜியை இறக்குவது, அதன் மேல் டியூபை ஏற்றுவது. பூஜி உள்ளே போகும் முன் பிளேடை வெளியே எடுத்தால் ஓட்டை காணாமல் போய்விடும், அதிகம் பேர் தோற்கும் இடம் இது. சவ்வைத் தொட்டு உணர முடியாத கழுத்தில் முதலில் 8 முதல் 10 செ.மீ. வரை நெடுக்காகக் கீற வேண்டும், இதை மாணவரைச் சொல்லவாவது வையுங்கள். மீந்த ஆட்டுக் குழாயைக் கழிவு விதிப்படி அப்புறப்படுத்துங்கள், ஸ்கில் லேப் குப்பைத்தொட்டியில் போட்டு மறுநாள் நாறவிட்டு ஹெச்ஓடியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

படி 7: தியேட்டரில், நிஜ நோயாளியிடம்

தொடங்கும் முன் ஒரு எண்ணை இருவரும் பேசிக்கொள்ளுங்கள்: 'சாச்சுரேஷன் 94-க்கு வந்தாலோ இரண்டு முயற்சி முடிந்தாலோ நான் எடுத்துக்கொள்வேன்.' அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். 'கொஞ்சம் மேலே தூக்குப்பா', 'இடது பக்கம் பாரு' என்று நம்மை அறியாமலே சொல்லிவிட்டுக் கடைசியில் 'தனியாகச் செய்தார்' என்று கையெழுத்துப் போடுகிறோம். எத்தனை முறை சொன்னீர்கள் என்பதைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர் ராத்திரி டியூட்டியில் இருக்கும்போது நான் வீட்டில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கலாமா?

ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். 1998-ல் வெளிவந்த கொன்ராட் குழுவின் ஆய்வில், 90 சதவீத வெற்றியைத் தொட சராசரியாக 57 இன்டுபேஷன் தேவைப்பட்டது. லாக் புக்கில் 'பத்து போட்டாயிற்று' என்பதற்கு என்ன மதிப்பு என்று யோசியுங்கள். அதைவிட ஒரு கிராஃப் தாள் மேல். 20 சதவீதத் தோல்வியை ஆரம்பத்தில் ஏற்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வெற்றிக்கும் கோடு 0.2 இறங்கும், ஒவ்வொரு தோல்விக்கும் 0.8 ஏறும். கோடு தொடர்ந்து ஏறினால் மாணவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், கீழே இறங்கிக்கொண்டே போனால் விட்டுவிடலாம். கியூசம் என்பார்கள், பேர்தான் பெரிது.

படி 8: முதலில் நம்மை மதிப்பிடுவது

முகத்தாட்சண்யம் நம் தேர்வுகளின் பெரிய வியாதி. நன்றாக வேலை செய்கிற பையன், பாவம் ராத்திரி டியூட்டி முடித்து வந்திருக்கிறான், நம் ஹெச்ஓடிக்கு வேண்டியவர் என்று ஏதோ ஒன்று பேனாவைத் தள்ளும். காலையில் முதலில் வருபவருக்குக் கறாராகவும் சாயங்காலம் நாலு மணிக்கு வருபவருக்குத் தாராளமாகவும் போடுவோம். இதற்கு ஒரே மருந்து: தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஒரே வீடியோவை எல்லா மதிப்பீட்டாளர்களும் பார்த்துத் தனித்தனியாக மார்க் போட்டு, பிறகு தாள்களை மேசையில் பரப்பிச் சண்டை போட்டுக்கொள்வது. முதல் தடவை எங்களுக்குள் ஒரே மாணவருக்கு 2-ம் 5-ம் வந்தது. சண்டையில் தெரியவந்தது, ஒருவர் வேகத்துக்கு மார்க் போட்டிருந்தார், மற்றவர் பல்லைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படி 9: சொல்வது, மறுபடி பார்ப்பது

முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் பேசுங்கள். முதலில் அவரைக் கேளுங்கள்: 'எந்த இடத்துல பதறுச்சு?' பெரும்பாலும் நீங்கள் குறித்த அதே இடத்தைத்தான் சொல்வார். பிறகு திருத்த ஒரே ஒரு விஷயம் கொடுங்கள், ஏழு கொடுத்தால் ஏழையும் மறந்துவிடுவார். தோற்றவரை மற்றவர்கள் முன்னால் நிறுத்தித் திட்டினால் அடுத்த தடவை அவர் உதவி கேட்கவே பயப்படுவார், நாம் வளர்க்க நினைத்ததற்கு நேர் எதிர்.

மறுதேர்வு இரண்டு மூன்று வாரத்துக்குள், வேறு மதிப்பீட்டாளரை வைத்து. மேசையில் வைக்கும் கோளாறை மட்டும் கட்டாயம் மாற்றிவிடுங்கள். இந்த முறை பல்ப் என்றால் அடுத்த முறை சக்‌ஷன், ஏனென்றால் முதல் ஆள் வெளியே வந்து டீ குடிக்கும் முன்பே அந்த பல்ப் விஷயம் ஹாஸ்டல் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.